ஐந்தருவியில் பெண்கள் பக்கம்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது மரியாதை. அறுபதுகளில் ஒரு குற்றால சீசனின்போது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்த ஓர் அயல்நாட்டு அதிகாரியின் கண்ணில் நான் நல்லெண்ணெய் விட்டுவிட்டேன் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "இவன் லேசுப்பட்ட ஆளு இல்ல, பெரிய ராஜதந்திரி" என்று அறிமுகம் செய்வார்கள். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்தால் சொன்னது உண்மைபோல இருக்கும். எண்ணெய் விட்டது நிஜம்தான். ஆனால் சீசனுக்கு வந்த விருந்தாளி எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நின்றால் நம் ஊருக்கு என்ன மரியாதை என்கிற ஒரே கவலையில்தான் விட்டேன். அந்த எண்ணெய் மறைவில் என்ன நடந்தது என்று அந்த இடத்திலேயே கடைசியாகத் தெரிந்துகொண்டவன் நான். பாறைமேல் உட்கார்ந்திருந்த குரங்குகளுக்குக்கூட எனக்கு முன்னால் தெரிந்திருக்கும்.

என் அக்காவைக் கட்டிய அத்தானுக்கு டெல்லியில் வெளிநாட்டு இலாகாவில் உத்தியோகம். பெரிய தூதர் பதவி ஒன்றும் இல்லை. அயல்நாட்டிலிருந்து வருகிற குழுக்களை வரவேற்று, ஊர் சுற்றிக் காட்டி, வந்தவர்களில் ஒருவரும் குறையாமல் விமானம் ஏற்றி அனுப்புகிற வேலை. யார் முதல் காரில் ஏறுவது, எந்த நாற்காலி எந்த நாற்காலிக்கு எதிரே இருப்பது என்பதெல்லாம் அவருக்கு உயிர் போகிற விஷயம். வீட்டிலும் அந்த உத்தியோகத்தைக் கழற்றி வைக்க மாட்டார். அக்கா வைத்த சொதிக் குழம்பு வாயில் வைக்க வழியில்லை என்றால் அதைச் சொல்ல மாட்டார். "இன்னைக்குச் சொதி தன் நிலைப்பாட்டைத் தெளிவா சொல்லல" என்பார். பொய் சொல்லமாட்டார். கேட்காததைச் சொல்லவும் மாட்டார். "ஏலே, கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லுதவன் எங்க ஆபீஸ்ல ஒரு மாசம் தாங்க மாட்டான்" என்று என்னிடம் சொல்வார். நான் யாரும் கேட்காத கேள்விகளுக்கு மட்டுமே சரியாகப் பதில் சொல்லக்கூடியவன். அதனால் அந்த உத்தியோகத்துக்கு ஆசைப்படாமல் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாகக் குந்தியிருந்தேன்.

அந்த வருஷம் அத்தான் கூட்டிக்கொண்டு வந்தது ஐரோப்பாவின் கிழக்குப் பக்கத்து நாடு ஒன்றின் குழுவை. நாட்டின் பெயர் வேண்டாம். அத்தானே கடைசிவரை சொன்னதில்லை, நான் சொன்னால் கனவில் வந்து திட்டுவார். அணைக்கட்டும் மின்சாரமும் பார்க்க வந்த இன்ஜினீயர்கள் நாலைந்து பேர். அவர்களுக்கு மேலே செயலாளர் என்று ஒருவர். அவருக்கு மின்சாரம் பற்றி ஒன்றும் தெரியாது. மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவர் வேலை. ஒருவர் இளநீர் குடிக்க ஒதுங்கினால் இவரும் கூடவே ஒதுங்குவார். குழுவில் ஒரே ஒரு பெண், மொழிபெயர்ப்பாளர். இருபத்தைந்து வயது இருக்கலாம். அவர்கள் பாஷை, இங்கிலீஷ் இரண்டும் தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் அவள் மட்டும்தான். இன்ஜினீயர் கேட்பதை இங்கிலீஷில் சொல்வாள், நம் ஆட்கள் சொல்வதை அவர்கள் பாஷையில் சொல்வாள், ஒவ்வொரு தடவை சொல்லி முடித்ததும் தலையை லேசாகக் குனிந்துகொள்வாள். அவளுக்கென்று ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பாபநாசத்தில் மின் நிலையத்தைப் பார்த்துவிட்டு, குற்றாலத்தில் பயணியர் பங்களாவில் தங்கி ஒரு நாள் இளைப்பாறுவதாக ஏற்பாடு. உள்ளூர் ஆள் என்று பழத்துக்கும் காருக்கும் என்னை ஒப்பந்தம் செய்திருந்தார் அத்தான். பெண் விருந்தாளிக்கு அருவியில் துணை வேண்டுமே என்று, சீசனுக்குத் தென்காசி வந்திருந்த அக்காவையும் மாற்றுச் சேலை, துண்டு சகிதம் வரச் சொல்லியிருந்தார்.

ஐந்தருவியில் ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்திருந்தது. அது எழுதப்பட்ட சட்டமா, கம்பி கட்டியதால் வந்த வழக்கமா என்று யாரும் விசாரித்ததில்லை. கலெக்டரே வந்தாலும் கம்பிக்கு இந்தப் பக்கம்தான். நாங்கள் போனபோது சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. இன்ஜினீயர்கள் கால்சட்டையோடு தண்ணீருக்குள் ஓடிப் பிள்ளைகள் மாதிரிக் கத்தினார்கள். அக்கா அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். செயலாளர் மட்டும் கோட்டும் கண்ணாடியுமாகப் பாறையோரம் நின்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. மனிதர் பாவம் வெட்கப்படுகிறார் என்று முடிவு செய்தேன். எண்ணெய் தேய்ப்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன். நானே செயலாளரின் கோட்டைக் கழற்றினேன், கண்ணாடியைக் கழற்றி என் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினேன், ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டேன். "நோ, நோ" என்றார். நம் ஊரில் முதல் மூன்று 'வேண்டாம்' உபசாரத்துக்குச் சொல்வது. நான்காவது சொல்வதற்குள் அவரைக் குப்புறப் படுக்க வைத்தாயிற்று. தேய்ப்பவர் கெட்டிக்காரர். முதுகு முடித்து, தலைக்கு வந்து, உச்சியில் தாளம் போட ஆரம்பித்ததும் செயலாளர் முனகுவதை நிறுத்திவிட்டார். பல வருஷமாகத் தூங்காத மனிதர் என்று நினைக்கிறேன். லேசாகக் குறட்டைகூட வந்தது.

அந்தச் சமயத்தில் அருவிக்குள் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். தண்ணீர் தலையில் இடிக்கிற இடத்துக்கு அந்தப் பெண்ணே அக்காவை இழுத்துப் போயிருக்கிறாள். அங்கே நின்றால் பக்கத்து ஆள் கத்தினாலும் கேட்காது. டெல்லி வாசத்தில் அக்காவுக்கு இங்கிலீஷ் புரியும்; அவள் காதில் வாயை வைத்து அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னாள். அவளுடைய தம்பி கல்லூரியில் படிக்கிறவன். அரசாங்கத்தைப் பற்றி ஏதோ எழுதிச் சிநேகிதர்களுக்குக் கொடுத்தான் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வருஷம் ஆகியும் எந்தச் சிறையில் இருக்கிறான் என்றுகூடச் சொல்லவில்லை. இவள் வாசல் வாசலாகப் போய்க் கேட்டிருக்கிறாள். கேட்டது யார் கண்ணிலோ பட்டிருக்கிறது. இரண்டு நாளைக்கு முன்னால் மதுரையில் செயலாளர் அவளிடம், நீ மற்றவர்களோடு வர வேண்டாம், உன்னை முன்கூட்டியே ஊருக்கு அனுப்புகிறோம், உனக்கு ஓய்வு தேவை என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்த ஓய்வு எங்கே என்று அவளுக்குத் தெரியும். "தண்ணிச் சத்தத்துல பாதிதான் காதுல விழுந்துச்சு. அந்தப் பாதியே எனக்குப் போதும்" என்றாள் அக்கா.

குளித்து முடித்து எல்லாரும் கரையேறினார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து இரண்டு பேர் மட்டும் வரவில்லை. அத்தான் கம்பிக்கு இந்தப் பக்கம் போய் நின்று அக்காவைக் கூப்பிட்டார். நான் பின்னாலேயே போனேன்.

"நேரமாச்சு. அந்தப் பிள்ளைய கூட்டிட்டு வா."

"அவ வரமாட்டேங்கா."

"வரமாட்டாளா? ஏன்?"

அக்கா கம்பியோரம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அத்தான் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அந்த முகத்தை அப்படி வைத்துக்கொள்ளத்தானே சம்பளம்.

"சரி. அவ வரல. நீ வா."

"நானும் வரல."

"நீ எதுக்கு?"

"அவளுக்குத் தமிழ் தெரியாதுல்லா. தனியா எப்படி நிப்பா?"

இதற்குள் செயலாளர் விழித்துக்கொண்டார். தலையிலிருந்து எண்ணெய் வழிய, கண்ணைத் திறக்க முடியாமல், துண்டைப் பிடித்துக்கொண்டு கம்பியை நோக்கி ஓடிவந்தார். நான் தாங்கிப் பிடிக்கப்போய் இரண்டு பேரும் பாறையில் வழுக்கி விழுந்தோம். அவர் எழுந்து கம்பியைத் தாண்டக் காலைத் தூக்கினார். பாவூர்சத்திரத்தில் காய்கறி விற்கிற ஒரு அம்மாள் ஈரச் சேலையோடு முன்னால் வந்து நின்றாள். சந்தையில் பழகிய தொண்டை.

"ஏய், எண்ணெய்ச் சட்டி! எங்கன வாரேரு? பொம்பளையாளு குளிக்கது தெரியலையா? கண்ணு அவிஞ்சா போச்சு?"

உண்மையில் அவர் கண் அப்போது அப்படித்தான் இருந்தது. அந்த அம்மாளுக்கு விஷயம் என்னவென்றே தெரியாது. ஆம்பளை கம்பியைத் தாண்டுகிறான், அது போதும். அவளுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் வந்து நின்றார்கள். காவலுக்கு நின்ற ஏட்டையாவும் தடியைக் குறுக்கே நீட்டிவிட்டார். செயலாளர் அத்தான் பக்கம் திரும்பி அவர் பாஷையில் மழையாகப் பொழிந்தார். அத்தான் ஆழ்ந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. எங்கள் யாருக்கும் புரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய ஒரே ஆள் கம்பிக்கு அந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நின்றாள். கடைசியில் செயலாளர் விரலால் பெண்கள் பக்கத்தைக் காட்டினார், பிறகு அத்தானைக் காட்டினார், போய் இழுத்து வா என்று கையை ஆட்டினார். அத்தான் இரண்டு கையையும் விரித்து, அந்த இடம் தன் அதிகாரத்துக்கு வெளியே என்று தலையை ஆட்டினார். அது பொய்யில்லை.

அத்தான் தென்காசிக்குப் போய்த் தபால் ஆபீஸில் டெல்லிக்கு டிரங்கால் போட்டார். லைன் கிடைக்க மத்தியானம் ஆகிவிட்டது. மேலதிகாரி சொன்னதை அப்படியே கொண்டுவந்து கம்பியோரம் அக்காவிடம் ஒப்பித்தார். அந்தப் பெண் அவர்கள் ஆள் முன்னிலையில், தன் வாயால், யாரும் சொல்லிக்கொடுக்காமல், போகமாட்டேன் என்று சொன்னால் அவளைக் கட்டாயப்படுத்தி அனுப்ப முடியாது. சொல்லாவிட்டால் விருந்தாளிகள் வந்தபடியே, அவளும் சேர்ந்து, திரும்பிப் போக வேண்டும். ஆளை ஒளித்து வைத்தோம் என்கிற பேச்சே வரக்கூடாது.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ அம்மா அங்கன தனியா இருக்கா. இவரு மூஞ்சிக்கு முன்னால மாட்டேன்னு சொன்னா அந்த அம்மாவ என்ன பாடு படுத்துவாங்க? ரகசியமா உங்ககிட்ட மட்டும் சொன்னா ஆகாதா?"

"ஆகாது."

"என்ன மனுசன் நீங்க!"

"நான் சொல்லுதத கேட்டுக்கோ. அவள பங்களாவுக்குக் கூட்டிட்டு வா. திரும்ப இங்க கொண்டுவிடணும்னாலும் நானே கொண்டுவிடுவேன். அதுவரைக்கும் யாரும் அவளத் தொட மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

பங்களா வராந்தாவில் அத்தான் நாற்காலிகளைத் தானே போட்டார். செயலாளருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. அந்தப் பெண்ணின் நாற்காலியை இரண்டுக்கும் சரி நடுவில், முன்னும் பின்னுமாக நகர்த்தி நகர்த்தி வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓர் உயிர்ப் பிரச்சினையில் இந்த மனிதர் நாற்காலியை அளக்கிறாரே என்று. அவள் அக்காவின் சேலையைத் தாறுமாறாகச் சுற்றிக்கொண்டு, ஈரத்தலையோடு வந்து உட்கார்ந்தாள். அக்கா வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். செயலாளர் கோட்டு, கண்ணாடி எல்லாம் போட்டுவிட்டார். ஆனால் சீயக்காய் கிடைக்காததால் தலை மினுமினுவென்று இருந்தது. நான் காப்பித் தட்டோடு நின்றேன்.

செயலாளர் பேசினார். அவள் பழக்கப்படி இங்கிலீஷில் சொன்னாள்: "எங்கள் குழுவின் மொழிபெயர்ப்பாளரை உங்கள் ஆட்கள் மறைத்து வைத்திருக்கிறார்கள், அது நட்பு நாட்டுக்கு அழகில்லை என்று செயலாளர் சொல்கிறார்." முந்தின நாள் மின் நிலையத்தில் டர்பைனைப் பற்றிச் சொன்ன அதே குரல். அத்தான் பதில் சொன்னார். அதையும் மாற்றிச் சொல்லித் தலையைக் குனிந்தாள். செயலாளர் சூடானார். "அந்தப் பெண் நன்றி கெட்டவள், மூளை சரியில்லாதவள், அவள் குடும்பமே அப்படித்தான் என்கிறார்." ஒரு வார்த்தையைக் குறைக்கவில்லை, மென்மையாக்கவில்லை. பிறகு செயலாளர் குரலைத் தணித்து, கிட்டத்தட்ட அன்பாக, ஒரு வாக்கியம் சொன்னார். இந்த முறை அவள் உடனே மாற்றிச் சொல்லவில்லை. சேலை முந்தானையை இழுத்துச் சரிசெய்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பெண்ணின் அம்மா நலமாக இருக்கிறார், மகளுக்காகக் காத்திருக்கிறார் என்கிறார்."

வாசல் நிலையில் அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அத்தான் அசையவில்லை. "அந்தப் பெண்ணின் விருப்பம் என்ன என்று அறிய விரும்புகிறேன்" என்றார். அவள் மாற்றிச் சொன்னாள். செயலாளர் சட்டென்று பதில் சொன்னார். "அவள் ஊருக்குத் திரும்பவே விரும்புகிறாள் என்று செயலாளர் சொல்கிறார்" என்றாள் அவள், தன்னைப் பற்றியே. செயலாளர் எழுந்திருக்கப் பார்த்தார். அத்தான் கையைக் காட்டி அமர்த்தினார்.

"செயலாளர் சொல்வது புரிந்தது. நான் கேட்டது அந்தப் பெண்ணை."

இதையும் அவள் செயலாளருக்கு மாற்றிச் சொன்னாள். பிறகு அவள் செயலாளரைப் பார்த்தாள். அவர் தலையை மெதுவாக, வேண்டாம் என்பதுபோல, ஒரு முறை ஆட்டினார். மிரட்டலா, மன்றாட்டா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. அவள் முதலில் அவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். மிகச் சின்னதாக இருந்தது. பிறகு அத்தான் பக்கம் திரும்பி, "அந்தப் பெண் போகமாட்டேன் என்கிறாள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்த தலை வெகுநேரம் நிமிரவில்லை. அக்கா வந்து தோளைப் பிடித்து எழுப்பி உள்ளே கூட்டிப்போனாள்.

கிளம்பும்போது செயலாளர் எல்லாரிடமும் கை குலுக்கினார். என் கையை மட்டும் விடாமல் பிடித்து, என்னைக் கூர்ந்து பார்த்து, தெரிந்த சில இங்கிலீஷ் வார்த்தைகளில் ஒன்றைத் தேடி எடுத்து, "ஆயில்" என்றார். அவர் கணக்கில் அந்தச் சதிக்குத் தலைவன் நான். வந்தபோது இருந்த ஆட்களில் ஒருவர் குறைந்து ஊருக்குப் போய் நிற்கும்போது அவருக்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று எப்போதாவது நினைத்துக்கொள்வேன். தூங்க வைத்தவன் என்ற முறையில் எனக்கும் அதில் பங்கு உண்டு.

சீசன் முடியும்வரை அவள் தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் இருந்தாள். அந்த நாட்டுத் தூதரகம் கண்டனம் தெரிவித்தது. டெல்லி வருத்தமும் தெரிவிக்காமல் மறுப்பும் சொல்லாமல் ஒரு பதில் கொடுத்தது. அதன் வாசகத்தை எழுதியது அத்தான் என்று அக்கா சொல்வாள். அத்தான் சொல்லமாட்டார். முடிவு வரும்வரை அவள் வாசற்படி தாண்டக்கூடாது என்று அவர் உத்தரவு. பார்க்க வந்த அண்ணாச்சிமாரையும் அவர்கள் வீட்டுக்காரிகளையும் வாசலிலேயே நிறுத்தி, "மாடியில புதுசா வந்த டீச்சர்" என்று அக்கா கதை சொன்னாள். ஊரே நம்புவதுபோல நடித்தது. நான் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். முதலில் கற்றுக்கொண்ட வாக்கியம் "ஏலே, எங்கன வாரே?" அதை அத்தானிடமே சொல்லிவிட்டாள். அன்றோடு என் ஆசிரியப் பணி முடிந்தது. பிறகு வேறொரு நாடு அவளை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்தது. அத்தானே மெட்ராஸ்வரை கூட்டிப்போய் விமானம் ஏற்றினார். சில வருஷம் கழித்து, யார் மூலமோ சுற்றி வந்த செய்தி: அம்மாவை வீட்டைவிட்டுக் கிளப்பி எங்கோ ஒரு சிற்றூருக்கு அனுப்பிவிட்டார்கள், தம்பியைப் பற்றித் தகவல் இல்லை. அதற்குமேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அத்தானுக்கு வெளிநாட்டில் ஒரு பதவி வருவதாக இருந்தது, வரவில்லை. அந்தப் பெண்ணையும் அந்தப் பதவியையும் சேர்த்து அவர் ஒருநாளும் பேசியதில்லை.

அத்தான் ஓய்வு பெற்றுத் தென்காசிக்கே வந்துவிட்டார். நான் அதற்குள் குமாஸ்தாவிலிருந்து தலைமைக் குமாஸ்தாவாகி, அருவி அளவுக்குத் தொப்பை வைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எங்கோ ஒரு தூதரகத்துக்குள் ஒரு குடும்பம் தஞ்சம் புகுந்திருப்பதாகப் பத்திரிகையில் வந்த செய்தியை அத்தான் படித்துக்கொண்டிருந்தார். அக்கா எட்டிப் பார்த்தாள். "அன்னைக்கு நம்ம பிள்ள பயந்துபோய் போறேன்னே சொல்லியிருந்தாலும் நான் விட்ருக்க மாட்டேன். கையப் புடிச்சு இழுத்துட்டு மறுபடியும் அருவிக்கே ஓடிருப்பேன்" என்று சொல்லிவிட்டு இலையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு வெகுநாளாக மனசுக்குள் ஒன்று உண்டு. செயலாளர் பதில் சொன்னதோடு அத்தான் விட்டிருக்கலாம். விடாமல் இரண்டாம் முறை கேட்டார் அல்லவா? அதை வைத்து, இந்த மனிதரின் கோட்டுக்குள் ஒரு இளகிய ஆசாமி ஒளிந்திருக்கிறான், அவனை ஒருநாள் வெளியே கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதுதான் சமயம் என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தான், மனசத் தொட்டுச் சொல்லுங்க. அவ வாயத் தொறக்காமலே இருந்திருந்தா, எப்படியாவது ஒரு வழி பண்ணிருப்பீங்கல்லா?"

அத்தான் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவங்ககூடவே அனுப்பியிருப்பேன்லே."